மறு: கருங்கொசுவா, திமில் ஈயா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ஆங்கிலத்தில் black fly எனப்படும் சிமுலியம் பூச்சிக்குத் தமிழில் 'கருங்கொசு' என்றே பெயர் வைத்துவிடலாம். கடிக்கிறது, இரத்தம் குடிக்கிறது, நோய் பரப்புகிறது. படிப்பவருக்கு உடனே புரியும்.

உடனே புரியும் என்பதுதான் என் கவலை. கொசு என்றதும் நம் கை சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்க்கப் போகிறது. இந்தப் பூச்சியின் புழுவோ பாய்ந்தோடும் நீரில்தான் வளரும். கொசு என்றதும் இரவும் கொசுவலையும் நினைவுக்கு வருகின்றன. இது பட்டப்பகலில், ஆற்றங்கரையில் வேலை செய்கிறவர்களைக் கடிப்பது.

கடியும் வேறு மாதிரி. கொசு ஊசியாகக் குத்தி உறிஞ்சும். இதன் பெண் பூச்சி ரம்பம் போன்ற வாயுறுப்பால் தோலைக் கீறி, ஊறி நிற்கும் இரத்தத்தை நக்கிக் குடிக்கும். எந்தப் பெயரை ஏற்றாலும், கட்டுரைகளில் 'குத்தி' என்பதைக் 'கீறி' என்று திருத்திவிடுங்கள்.

'கருப்பு ஈ'யும் சரிவராது. வெள்ளை ஈ என்றால் நம் விவசாயிகளுக்குச் செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அதற்கு உறவான கருப்பு ஈ ஒன்று எலுமிச்சை இலையின் அடியில் ஏற்கெனவே குடியிருக்கிறது.

'குருட்டு ஈ' என்ற யோசனையை ஏற்க மனம் வரவில்லை. படிப்பவர் ஈக்குத்தான் கண் இல்லை என்று நினைப்பார். பார்வையைப் பறிப்பது அது சுமந்து வரும் ஒங்கோசெர்க்கா புழு. மனிதத் தோலுக்கடியில் முடிச்சுகளுக்குள் 10 முதல் 15 ஆண்டுகள் வாழ்ந்து, நுண்ணிய குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருக்கும். அவை கண்ணுக்குள் சென்று மடியும்போது எழும் அழற்சியே பார்வையைக் கெடுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 1974இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் ஹெலிகாப்டரிலிருந்து ஆறுகளில் பூச்சிமருந்து தெளித்தது. ஈயின் புழுக்கள் அங்கேதான் இருந்தன. நோயாளிகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் மருந்து 1987 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இந்த நோய் இல்லை, பூச்சி உண்டு. நீலகிரியின் பெயரையும் பழனி மலையின் பெயரையும் தாங்கிய சிமுலியம் இனங்களே இருக்கின்றன. கொடைக்கானல் பக்கம் ஓர் ஓடையில் கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அரிசி நீளம்கூட இல்லாத புழுக்கள், பின்புறக் கொக்கிகளால் தாங்களே நூற்ற பட்டுத் திட்டைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தின் போக்கில் சாய்ந்து நின்றன. தலையில் இரண்டு விசிறிகள், நீரை அரித்து இரை பிடிக்க. விரலால் தொட்டதும் ஒன்று பிடியை விட்டது. ஆனாலும் அடித்துச் செல்லப்படவில்லை, மெல்லிய பட்டிழையில் தொங்கியது.

வளர்ந்த ஈயைப் பக்கவாட்டில் பாருங்கள். தலை தாழ்ந்து, மார்பு மேலே புடைத்து, காளையின் திமிலைச் சிறிதாகச் செய்து வைத்தது போலிருக்கும். நிறம் இனத்துக்கு இனம் மாறலாம், இந்தக் கூன் மாறாது. ஆகவே 'திமில் ஈ' என்பது என் பரிந்துரை. வேற்றுமை உருபும் இடறாமல் சேர்கிறது: திமில் ஈயின் புழு, திமில் ஈக்கள், திமில் ஈக் குடும்பம்.

இது பரப்பும் கண் நோய்க்கு (river blindness) 'ஆற்றுக் குருடு' போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. புழுவின் தலையிலுள்ள அந்த உறுப்புக்கு 'வடிவிசிறி' என்று எழுதிப் பார்த்தேன். வடிகட்டும் விசிறி என்ற பொருளில் எழுதியதை 'வடிவ விசிறி' என்று படித்துவிடுவார்களோ என்று தோன்றுகிறது. 'அரிவிசிறி' எனலாமா? அரிசி களையும்போது கல் அரிப்போமே, அந்த அரித்தல். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்