டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருநாள் லீவு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரிக்காரி:
குமரி மாவட்டத்தில் படித்தவர்களுக்கு டிசம்பர் 3 பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னை ஆபீஸில் "இன்னைக்கு எங்க ஊர்ல லீவு" என்றால்தான் "என்ன விசேஷம்?" என்று வரும். பதில் சொல்லப்போனால் 1544 வரை போக வேண்டும். வடக்கிலிருந்து வடுகர் படை வந்தபோது கிறிஸ்தவக் குரு பிரான்சிஸ் சவேரியார் சிலுவையோடு எதிரே போய் நின்றார், படை திரும்பியது, திருவிதாங்கூர் ராஜா அவரை 'வலிய பாதிரி' (பெரிய பாதிரியார்) என்று அழைத்து நாகர்கோவில் கோட்டாற்றில் கோயிலுக்கு இடம் கொடுத்தார். இது எங்கள் பக்கத்துப் பாட்டிமார் கதை. வரலாற்று ஆசிரியர்கள் எவ்வளவு ஒத்துக்கொள்வார்களோ, ஊர் முழுசாக ஒத்துக்கொண்டுவிட்டது.

எங்கள் வீடு இந்து வீடு. ஆனாலும் அம்மா உப்பும் நல்லமிளகும் வாங்கிக் காணிக்கை போடாமல் அந்தத் திருவிழா முடியாது. சின்ன வயதில் எனக்குப் பாலுண்ணி வந்தபோது நேர்ந்துகொண்டதாம். பாலுண்ணி போய் எத்தனையோ காலம் ஆகிறது, நேர்ச்சை மட்டும் போகவில்லை. இரவுத் தேர் வரும்போது தேரைவிட அதன் பின்னால் வருகிறவர்களைத்தான் நான் பார்ப்பேன். கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்கள் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, சில அடி நடந்து, மறுபடி விழுவார்கள். மழை விட்ட சமயம் என்றால் சட்டையெல்லாம் சேறு. கூட வரும் பிள்ளை கையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடும்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

கவுண்டர் எண் 2:
நான் பாங்கில் வேலை. அதனால் இந்த லீவு எனக்கு இல்லை! கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறை அறிவிப்பின் கடைசிப் பத்தியை யாருமே படிப்பதில்லை. 1881-ஆம் வருடச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இந்த விடுமுறை வராது என்று அதில் போட்டிருப்பார்கள். அதாவது பாங்க் உண்டு, கருவூலமும் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும். வருகிற ஒன்றிரண்டு பேரும் "இன்னைக்குமா திறந்து வச்சிருக்கீங்க?" என்று என்னிடமே துக்கம் விசாரிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போக பஸ்ஸை எந்த வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே பாதி உயிர் போய்விடும்.

பம்ப்லோனாவிலிருந்து:
எனக்கு இங்கேயும் அன்று லீவு. ஸ்பெயினின் நவார் மாகாணத்துக்கு டிசம்பர் 3 அரசு விடுமுறை, 'நவார் நாள்' என்றே பெயர். சவேரியார் பிறந்த மண் இது. மாகாணத்தின் தங்கப் பதக்கத்தையும் அன்றுதான் கொடுப்பார்கள். நம்மூர் மாதிரி தேர், வெடி என்று எதிர்பார்த்து வெளியே இறங்கினால் கடைகள் எல்லாம் சாத்தியிருக்கும், குளிர் எலும்பில் ஏறும். 6-ஆம் தேதியும் 8-ஆம் தேதியும் நாடு முழுக்க லீவு என்பதால் இடையில் இரண்டு நாள் லீவு போட்டு ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நானும் பஸ் பிடித்து அவர் பிறந்த ஹாவியர் கோட்டைக்குப் போனேன். பெரிய கோட்டையாக இருந்ததாம். அப்போது தனி நாடாக இருந்த நவாரை 1512-இல் பக்கத்து காஸ்டில் ராஜ்யத்துக்காரர்கள் பிடித்தார்கள். சவேரியாரின் குடும்பம் தோற்ற ராஜா பக்கம் நின்றதால் 1516-இல் கோட்டையை இடித்துக் குறைத்தார்கள். அப்போது அவருக்குப் பத்து வயது. இப்போது நிற்பது பிறகு செப்பனிட்டது. உள்ளே ஒரு சின்னக் கோபுர அறையில் மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசு) இருக்கிறது. இயேசுவின் முகத்தில் புன்னகை. சுற்றுச் சுவரிலோ எலும்புக்கூடுகள் நடனமாடுகின்றன. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இன்னொன்று. அதே நாள்தான் இந்தப் பக்கத்தில் பேசும் பாஸ்க் மொழிக்கான நாளும். சவேரியாரின் தாய்மொழி பாஸ்க் என்பதற்கு இங்குள்ளவர்கள் காட்டும் சாட்சி, அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம். முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செபங்களை மொழிபெயர்க்கப் பட்ட சிரமத்தைச் சொல்லும்போது, அவர்கள் பாஷை வேறு, என் பாஷை பாஸ்க் என்று எழுதுகிறார். இதைச் சொன்னதும் எங்கள் ஆபீஸ் பாஸ்க்காரர் எனக்கு ஒரு காப்பி வாங்கித் தந்தார்.

வடசேரிக்காரி:
அட! கோவாவிலும் அன்று லீவு என்று தெரியும். இது புதுசு.

கடலோரத்தான்:
எனக்கு டிசம்பர் 3 என்றால் 2017. ஒக்கி புயல் நவம்பர் 30-ஆம் தேதி அடித்தது. திருநாள் அன்று எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை, ரோடெங்கும் மரம். அது லீவு நாள் என்பதே யாருக்கும் நினைவில்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் கேட்டுப் பெண்கள் குருசடி (சின்னச் சிலுவைக் கோயில்) முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமா போன படகு லட்சத்தீவில் கரைசேர்ந்திருந்தது. அது தெரியவே நாளாயிற்று.

அடுத்த வருடம் அத்தை நேர்ந்தபடி மாமா கும்பிடு நமஸ்காரம் செய்தார். ஆனால் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. விடிவதற்குள் திரும்பி வந்து வேட்டியைத் தானே துவைத்துப் போட்டுவிட்டார். எங்கள் தெருவிலேயே திரும்பி வராதவர்களின் வீடுகள் உண்டு. அவர்கள் எதிரே "சவேரியார் காப்பாத்தினார்" என்று எப்படிச் சொல்வது என்றார். நானும் இன்றுவரை அதற்கு மேல் கேட்கவில்லை.

சாக்பீஸ்:
மேலே எழுதியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் மாமாவைப் புரிகிறது.

நான் பள்ளி ஆசிரியை. 2012-ஐ யாரும் சொல்லவில்லையே? டிசம்பர் 2-இல் கார்மல் பள்ளி மைதானத்தில் தேவசகாயம் பிள்ளைக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), மறுநாள் திருநாள். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்ட அவருடைய கல்லறை கோட்டாற்றுக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில்கூட இடம் கிடைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்தார்கள்.

அப்புறம், இந்த லீவுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் வருமே, அன்று பிள்ளைகளை தயவுசெய்து அனுப்பி வையுங்கள். போன தடவை வகுப்பில் பாதிப் பெஞ்ச் காலி.