ப்ராஜெக்டுக்குத் தனி கான்ஃபிக் ஃபோல்டர்: எதுவரை மேலே ஏறித் தேடுவது?

கேள்வி – அரைப்புள்ளி

எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) கோப்புகளை ஒழுங்குபடுத்தச் சின்னதாக ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதி வைத்திருக்கிறேன். செட்டிங்ஸ் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் ஒரே கோப்பில். ஒரு ப்ராஜெக்டில் கீவேர்ட் பெரிய எழுத்தில் வேண்டும், இன்னொன்றில் சின்ன எழுத்தில். அந்தக் கோப்பை மாற்றி மாற்றித் திருத்தியே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் திருத்த மறந்துவிட்டேன். 212 கோப்புகள் தலைகீழ்! ரிவ்யூ செய்தவர் ஒரு வார்த்தையும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது ப்ராஜெக்டுக்குள் '.ஒழுங்கு' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதைப் படிக்கச் செய்திருக்கிறேன். ப்ராஜெக்டின் மேல்மட்டத்தில் நின்று ஓட்டினால் சரி. உள்ளே நாலு ஃபோல்டர் இறங்கி ஓட்டினால் ஹோம் செட்டிங்குக்கே போய்விடுகிறது. மேலே ஏறித் தேட வேண்டும், புரிகிறது. எதுவரை? ஒரே கீ, அதாவது ஒரே செட்டிங்கின் பெயர், இரண்டு இடத்திலும் இருந்தால்?

பதில் – பழைய டெர்மினல்

நிற்கிற இடத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள், முதலில் கிடைப்பதோடு நிறுத்துங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டூலான கிட் தன் ஃபோல்டரை அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. இரண்டு இடத்திலும் இருந்தால் ஹோம் செட்டிங்கை ப்ராஜெக்ட் வெல்லும், அதையும் கமாண்டில் கொடுக்கும் ஆப்ஷன் வெல்லும். கோப்பை மொத்தமாக மாற்றாமல் கீ கீயாகச் சேருங்கள். ஒரு கீயின் மதிப்பு லிஸ்டாக இருந்தால்தான் தலைவலி. ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் டூலான கார்கோ இரண்டு லிஸ்டையும் ஒட்டிவிடும். எனக்கு அது பிடிக்காது, ஹோமில் போட்டதை ப்ராஜெக்டில் நீக்க வழியில்லாமல் போகும்.

அப்புறம், ஹோமில் இருப்பதும் '.ஒழுங்கு' என்றே இருந்தால், ஏறிக்கொண்டே போய் அதையே ப்ராஜெக்ட் என்று எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றிவிடுங்கள்.

பதில் – சந்தேகப்பிராணி

அந்தக் கோப்பில் கமாண்ட் ஓட்டும் கீ ஏதாவது உண்டா? இருந்தால் கவனம். பலர் பயன்படுத்தும் மெஷினில் மேல் ஃபோல்டரில் வேறு யாரோ வைத்த கான்ஃபிக்கை உங்கள் டூல் எடுத்து ஓட்டிவிடும். கிட்டிலேயே இந்த ஓட்டை இருந்தது. 2022 ஏப்ரலில் அதன் 2.35.2 வெர்ஷன் வந்த பிறகுதான், வேறு யூசருக்குச் சொந்தமான ஃபோல்டரென்றால் மறுக்க ஆரம்பித்தது. ஃபோல்டருக்குள் போனதும் அதற்கான செட்டிங்கை ஏற்றும் டைரென்வ் என்ற டூல் இன்னும் கறார்: நீங்கள் 'அலவ்' கொடுக்காமல் கோப்பைத் தொடாது, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி கேட்கும்.

பதில் – அரைப்புள்ளி

இருக்கிறது, 'முடிந்தபின்' என்று ஒரு கீ. அதை இனி ஹோமிலிருந்து மட்டுமே படிக்கும். கிட்டின் 'ஷோ ஆரிஜின்' மாதிரி, எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஆப்ஷனும் சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தால், ப்ராஜெக்டுகளுக்கெல்லாம் மேலே ஒரு '.ஒழுங்கு' உட்கார்ந்திருக்கிறது. சோதித்தபோது நானே போட்டு மறந்தது.