1998-இல் திருமலையில் (திருகோணமலையில்) அதிகம் கேட்ட பாட்டு எது? உங்கள் கசெட்டிலும் 'தைய தையா' பாதியில் அறுந்ததா?

உப்புவெளிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஏலெவல் (உயர்தரப் பரீட்சை) 98 பட்ச். அடுத்த மாதம் உப்புவெளியில் ஓர் ஒன்றுகூடல் வைத்திருக்கிறோம். சாப்பாடு ஒருவன், மண்டபம் ஒருவன் என்று வேலையைப் பிரித்தார்கள். என்னிடம் காசு கொடுத்தால் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் பாட்டு என் தலையில் விழுந்தது. "அந்த வருடத்துப் பாட்டு ஒரு பன்னிரண்டு போடு மச்சான், போதும்" என்றார்கள்.

லேசான வேலை என்று நினைத்து மகளிடம் சொன்னேன். அவள் போனில் தேடி, 1998-க்கான அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் நெக்ஸ்ட் என்ற குழுவின் 'டூ க்ளோஸ்' என்றாள். பிரிட்டனில் அந்த வருடம் அதிகம் விற்றது ஷெர் பாடிய 'பிலீவ்'. இரண்டாவது பாட்டு எனக்குத் தெரியும். முதலாவதை அன்றைக்குத்தான், அதுவும் மகளின் போனில், முதன்முதலாகக் கேட்டேன். அமெரிக்காவே ஒரு வருடம் முழுக்கக் கேட்ட பாட்டு கன்னியா தாண்டி இந்தப் பக்கம் வரவேயில்லை. இத்தனைக்கும் ஜெர்மன்காரரின் டொய்ச்ச வெல்ல வானொலி எங்கள் மாவட்டத்தில்தான் பெரிய பெரிய கோபுரம் நட்டு, ஆசியா முழுக்க ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டதோ இலங்கை வானொலி வர்த்தக சேவை. அது விட்டால் கசெட்.

கசெட் என்றால் ரெக்கோடிங் பார், அதாவது கசெட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை. மத்திய வீதிப் பக்கம் நாங்கள் போகும் கடையில் ஓர் அண்ணன் இருப்பார். கண்ணாடி அலுமாரிக்குள் ரிடிகே, சோனி வெற்றுக் கசெட்டுகள். மேசையில் நூலால் கட்டிய ஒரு சிஆர் கொப்பி. படத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவர் கொப்பியைப் புரட்டி "ஏ பக்கம் ஜீன்ஸ், பி பக்கம் உயிரே, சரிதானே" என்று எழுதுவார். ஒரு கிழமை கழித்துப் போனால் கசெட் உறைக்குள் சிவப்புப் பேனையால் பாட்டு வரிசை எழுதி வைத்திருப்பார். மணியான எழுத்து. 'கொலம்பஸ்' என்பதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கொம்பைக் கூட்டிப் போடுவார்.

எனக்கு அப்போது இருந்தது ஒரேயொரு அறுபது நிமிடக் கசெட். ஜீன்ஸில் 'அதிசயம்', 'கொலம்பஸ்', நித்யஸ்ரீ பாடிய 'கண்ணோடு காண்பதெல்லாம்'. உயிரேயில் 'நெஞ்சினிலே', பிறகு 'தைய தையா'. பரீட்சை ஆகஸ்டில், உயிரே படம் வந்ததும் ஆகஸ்டில். பாட்டு இரண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. அந்த வருடம் எனக்கு பௌதிகவியல் ஏன் ஓடவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கசெட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்று செக்பொயின்ற்றில் சைக்கிளை நிறுத்தினார்கள். ஆமிக்காரனுக்கு என் வயதுதான் இருக்கும். பையைத் திறந்து கசெட்டை எடுத்து, என்ன இது என்று கையால் கேட்டான். 'உயிரே' என்றேன், விளங்கவில்லை. 'ஷாருக் கான்' என்றேன். "ஆ, தில் சே!" என்றான். நான் இல்லை, உயிரே என்றேன். அவன் இல்லை, தில் சே என்றான். இரண்டும் ஒன்றுதான் என்று எங்கள் இருவருக்கும் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பின்னால் நின்றவர்களுக்குத்தான் எரிச்சல்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தக் கசெட்டில் 'தைய தையா' கடைசிப் பாட்டு. முக்கால்வாசி போனதும் 'டக்' என்று நின்றுவிடும், நாடா முடிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே போனாலும் அந்த இடம் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் இதே பாட்டு போனது. பக்கத்து மேசையில் என்னைவிட இரண்டு வயது குறைந்த ஒருவரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார். சரியாக அதே இடத்தில் அவரும் நிறுத்தினார்! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அவரிடம் போய்க் கேட்கவில்லை, கூச்சம். அதனால் இங்கே கேட்கிறேன். உங்களுக்கும் அறுந்ததா? அந்த வருடத்து முதல் பாட்டு என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

பாதைக்கரை நானா எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலில் டைட்டானிக் எங்கே? 98 என்றால் அதுதான். மார்ச் மாதம் ஒஸ்கார் வாங்கியது, ஏப்ரலில் கிண்ணியாவில் சின்னப் பிள்ளைகள்கூட வாயில் வந்த இங்கிலீசில் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். செலின் டியோன் என்ற பெயர் ஒருவருக்கும் தெரியாது, 'கப்பல் பாட்டு' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது எங்களுக்குப் பாலம் கிடையாது, அது 2009-இல்தான் வந்தது. பாதையில்தான், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில்தான், கடக்க வேண்டும். வரிசையில் நிற்கும் வான் ஒன்றில் ஒரு நாள் அந்தப் பாட்டுப் போனது. பாதை நடுத் தண்ணீரில் போகும்போது, பின்னால் நின்ற ஒரு மூத்தம்மா "கப்பல் தாழுற பாட்டை இங்க போடாதடா மவனே, நிப்பாட்டு" என்று ஏசினார். ட்ரைவர் உடனே நிறுத்திவிட்டார். கரை ஏறிய பிறகுதான் மிச்சத்தைப் போட்டார். எங்களுக்கும் பாட்டு அறுந்ததுதான், ஆனால் காரணம் வேறு.

உங்கள் 'தைய தையா' பிரச்சினை எனக்கு இல்லை. நாங்கள் கசெட் எடுத்தது கண்டியில்.

மனையாவெளி மைந்தன் எழுதியது:

98-ஐப் பற்றி இவ்வளவு பேச்சா? பொப் பாட்டு என்றால் திருமலைக்கு அதைவிட முந்திய கதை ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாடகர் எம்.பி. பரமேஸ் 'உனக்குத் தெரியுமா' என்று சொந்தப் பாட்டை இசைத்தட்டில் போட்டபோது, ரெக்கோடிங் பாரும் இல்லை, ரகுமானும் இல்லை. ஒன்றுகூடலில் அதையும் ஒன்று போடுங்கள். உங்கள் பட்ச் கேட்காவிட்டாலும் மண்டபத்துக்காரர் கேட்பார்.

வெள்ளவத்தை அனெக்ஸ் எழுதியது:

உப்புவெளி அண்ணா, நான் அந்த வருடம் படிப்புக்காகக் கொழும்பில் இருந்தேன், வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் நான்கு பெண்கள். அந்த வருடம்தான் சூரியன் எஃப்எம் தொடங்கியது, அதற்குப் பிறகு சக்தி எஃப்எம். அதுவரை தமிழ் அறிவிப்பாளர் என்றால் செய்தி வாசிப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் மாதிரிக் கதைத்தார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் ரேடியோவை மூடவும் விடமாட்டார்.

நான் ரேடியோவிலிருந்தே பதிவு செய்து திருமலையில் தங்கைக்கு அனுப்புவேன். ரெக்கோட், ப்ளே இரண்டு பொத்தானிலும் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாட்டு தொடங்கிய பிறகும் அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். உங்களுக்குக் கடைசி அறுந்தது, என் தங்கைக்கு எல்லாப் பாட்டுக்கும் முதல் அறுந்தது. 'நன்றி சொல்ல உனக்கு' பாட்டின் முன்னிசை எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

சிங்களப் பிள்ளைகள் பக்கம், பாத்தியா, சந்துஷ் என்ற இரண்டு பாடகர்கள் 'வசந்தயே' என்று தொடங்கியதும் அந்த வருடம்தான். பஸ்ஸில் அதுவும் ஓடும், உடனே 'தைய தையா'வும் ஓடும். என் கணக்கில் முதலிடம் 'தைய தையா'. சுக்விந்தர் சிங்கின் குரலுக்காக மட்டும் இல்லை, கூடப் பாடிய மால்குடி சுபாவுக்காகவும். அவரை யாருமே சொல்வதில்லை.

பழைய ரெக்கோடிங் கை எழுதியது:

தம்பி உப்புவெளி, அந்தச் சிவப்புப் பேனைக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன். 'கொலம்பஸ்' கொம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவியிடம் காட்டினேன், சிரித்து முடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அறுபது கசெட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம், கொஞ்சம் நாடா கூடுதலாக வரும். ரகுமான் பாட்டு ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்குக் கிட்ட, 'தைய தையா' ஏறத்தாழ ஏழு. ஒரு பக்கத்தில் ஐந்து பாட்டு வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்தைப் போட்டால் கடைசி அறும். ஆளுக்கு ஆள் தனியாகப் பதிவு செய்ய நேரம் கிடையாது, கரண்ட் எப்போது போகும் என்றும் தெரியாது. அதனால் ஒரு தாய்க் கசெட் வைத்திருந்தேன், அதிலிருந்துதான் ஊருக்கே பிரதி. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே இடத்தில் அறுந்தது. அந்தக் கலியாண வீட்டுக்காரரும் என் வாடிக்கையாளராகத்தான் இருப்பார்.

ஒரு பாட்டைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். குறைத்திருக்கலாம். ஆனால் அறுந்ததும் பாதிப் பேர் திரும்ப வந்து, "அண்ணே, இதை முழுசாக இன்னொரு கசெட்டில் போட்டுத் தாங்கோ" என்பார்கள். கடை வாடகை அப்படித்தான் வந்தது.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கறையான் தின்ற பக்கங்களைத் தவிர்த்து நேற்று எண்ணினேன். 98-இல் அதிகம் எழுதியிருப்பது ஜீன்ஸ், அதற்குப் பிறகு உயிரே. டைட்டானிக் மூன்றாவது, நானா கோபிக்க வேண்டாம். பரமேஸ் அண்ணனின் பாட்டையும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கையெழுத்து, மனையாவெளி ஐயாவாகத்தான் இருக்கும்.

உப்புவெளிக்காரன் எழுதியது:

அண்ணே! இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என் கசெட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் திரும்ப வந்து முழுசாகப் போட்டுக்கொண்டு போனவன்தான். 40 ரூபாய் வாங்கினீர்கள். அந்த இரண்டாவது கசெட்டை என் டெக் ஒரே மாதத்தில் தின்றுவிட்டது, பென்சில் விட்டுச் சுற்றியும் சரிவரவில்லை. மிஞ்சியது அறுந்ததுதான்.

ஒன்றுகூடலுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும், கொப்பியோடு. பரமேஸ் பாட்டில் தொடங்குகிறோம். கப்பல் பாட்டையும் போடுகிறோம், மண்டபம் கரையில்தான் இருக்கிறது. 'தைய தையா'வை மட்டும் அந்த இடத்தில் வெட்டித் தரும்படி மகளிடம் கொடுத்திருக்கிறேன். "முழுசாக இருக்கிற பாட்டை ஏன் அப்பா பழுதாக்குகிறீர்கள்" என்று கேட்கிறாள்.

பழைய ரெக்கோடிங் கை எழுதியது:

வருகிறேன் தம்பி. 40 ரூபாயைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமென்றால் பணிஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன்.