டிசம்பரில் டிஃபர் ஆனால் முதலில் எதைச் செய்வது?

நிழல்மரம்:
அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நவம்பர் வாக்கில் முன்கூட்டியே போடும் எர்லி விண்ணப்பத்தின் முடிவு டிசம்பர் நடுவில் வரும். டிஃபர் என்றால் எடுக்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை, முடிவை அடுத்த, ரெகுலர் சுற்றுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ரெகுலர் சுற்றுக்குக் கடைசி நாள் பல இடங்களில் ஜனவரி 1 முதல் 5க்குள். கையில் இருப்பது இரண்டே வாரம். அதை, டிஃபர் செய்த கல்லூரிக்கு “இன்னும் விருப்பம் உண்டு” என்று கடிதம் எழுதியே கரைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கடிதம் ஜனவரியில் போனால் போதும். மற்ற கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் சப்ளிமென்ட் கட்டுரைகள்தான் அவசரம்.

டிஃபர் வேறு, வெயிட்லிஸ்ட் (முடிவுகள் வந்தபின் இடம் காலியானால் கூப்பிடும் பட்டியல்) வேறு. டிஃபர் ஆன விண்ணப்பத்தை ரெகுலர் குவியலோடு சேர்த்து மறுபடி படிப்பார்கள். திரும்பக் கட்டணம் கட்ட வேண்டாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற எர்லி டிசிஷனில் போட்டிருந்தால் அந்தக் கட்டுப்பாடும் அதோடு முடிந்தது. இனி எங்கே இடம் கிடைத்தாலும் சேரலாம்.

கோலமாவு:
தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இடறுவது, அரையாண்டு மதிப்பெண்ணைப் பள்ளி அனுப்பும் மிட் இயர் ரிப்போர்ட்டில். அதை மாணவர் அனுப்ப முடியாது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் கவுன்சிலராகப் பதிவானவர்தான் ஏற்ற வேண்டும். பல பள்ளிகளில் அது பிரின்சிபால். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளி விடுமுறை, ஆபீஸ் பூட்டு. பூட்டுவதற்குள் பேசி வையுங்கள்.

இன்னொன்று: பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு உழைக்கட்டும் என்று அரையாண்டுத் தாளைக் கறாராகத் திருத்தும் பள்ளிகள் உண்டு. 95 வாங்கியவர் 82க்கு இறங்கியிருப்பார். கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அது சரிவாகத்தான் தெரியும். “எங்கள் பள்ளியில் இந்தத் தேர்வின் திருத்தம் கடுமை, வகுப்பில் அதிகபட்சமே 86” என்று உண்மையான எண்ணோடு கவுன்சிலர் இரண்டு வரி சேர்த்தால் படம் மாறும். மாணவரே எழுதினால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஓரப்பலகை:
கடிதத்துக்கு முன் கல்லூரியின் விண்ணப்பப் போர்ட்டலில் உள்ள வழிமுறையை வரி விடாமல் படியுங்கள். கடிதமே வேண்டாம் என்பார்கள் சிலர். தனிப் படிவம் தருவார்கள் சிலர். எம்.ஐ.டி.க்கு பிப்ரவரிப் படிவம் உண்டு. அரையாண்டு மதிப்பெண்ணும் புதுச் செய்தியும் அதிலேயே போகும்.

கடிதம் அனுப்பலாம் என்றால் ஒன்றே ஒன்று, சுமார் 300 வார்த்தை. நவம்பருக்குப் பிறகு நடந்தது மட்டும்: புது மதிப்பெண், முடித்த ப்ராஜெக்ட், பரிசு. பழைய கட்டுரையைத் திருப்பிச் சொல்வதும், “ஏன் என்னை எடுக்கவில்லை” என்ற தொனியும் காரியத்தைக் கெடுக்கும். கேட்காமல் மூன்றாவது சிபாரிசுக் கடிதம் அனுப்புவதும் வேண்டாத வேலை.

நிழல்மரம்:
“இடம் கொடுத்தால் நிச்சயம் சேர்வேன்” என்பதை ஒரு கல்லூரிக்குத்தான் எழுதலாம். அதே கட்டுப்பாடு உள்ள இரண்டாவது சுற்றான எர்லி டிசிஷன் 2-ஐ வேறிடத்தில் போடுபவர் அதை எழுதவே கூடாது. அங்கே பிப்ரவரியில் இடம் கிடைத்தால், டிஃபர் ஆனது உட்பட எல்லா விண்ணப்பத்தையும் திரும்பப் பெற வேண்டும். கொடுக்கும் நிதியுதவி போதாவிட்டால்தான் விலக்கு. சிகாகோ பல்கலைக்கழகம் டிஃபர் ஆனவர்களையே எர்லி டிசிஷன் 2க்கு மாற விடுகிறது. வீட்டில் பணக் கணக்கு முடியாமல் மாறாதீர்கள்.

கோலமாவு:
பணம் என்றதும் ஒன்று. புதிதாகச் சேர்க்கும் கல்லூரி, நிதியுதவிக்காகக் குடும்பப் பண விவரம் கேட்கும் படிவமான சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் கேட்டால் அதையும் தனியாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். நிதியுதவிக்கான கடைசி நாள் விண்ணப்ப நாளோடு ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.