தொழிற்பயிற்சிக்கு வந்த பிள்ளையள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

தருமபுரம் ரீச்சர்:
ஓ.எல் சோதினையில கணக்குப் பாடத்தை ரெண்டு தரம் கோட்டைவிட்ட பெடியன், புதுக்குடியிருப்புப் பக்கம். வெல்டிங் வகுப்புக்குப் பதிய நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். படிவத்தில பெற்றோர் கையொப்பம் எண்ட இடத்தைப் பார்த்திட்டு, "அம்மம்மா கைநாட்டு வைச்சால் எடுப்பினமோ ரீச்சர்?" எண்டு மெல்லமாக் கேட்டான். அங்க இருந்தவர் தலை நிமிராமலே, "முதல்ல பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவா" எண்டார். 2009இல யுத்தத்துக்குள்ளால உடுத்த உடுப்போட வந்த குடும்பம் அது. பெடியன் படிவத்தை நாலாய் மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டு வெளியில போனவன், பிறகு வரவேயில்லை. அந்தக் கைநாட்டுக் கேள்வி இப்பவும் என்னை விடுதில்லை.

மல்லாவி தையல் அக்கா:
ரீச்சர், பேப்பர் மட்டும் காரணமில்லை. என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு, சட்டை வெட்டுறதில கை அவ்வளவு சுத்தம். திடீரெண்டு நிண்டிட்டாள். ஏனெண்டு கேட்க, "கார்மென்ட் ஃபக்டரி பஸ் விடிய வாசலுக்கே வருது அக்கா. உங்கட வகுப்புக்கு நான் ரெண்டு பஸ் மாறோணும்" எண்டாள். என்னட்ட மறுமொழி இல்லை.

விசுவமடு கராஜ்:
அதுக்காகப் பிள்ளையளை அப்பிடியே விடுறதே? எங்கட கராஜில நிண்டவன் வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ எண்ட தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்தவன். ரீச்சர், அந்தப் பெடியனைத் தேடிப் பிடியுங்கோ. பிறப்புப் பதிவுப் பிரதிக்குப் பிரதேச செயலகம். பதிவே இல்லையெண்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போடலாம். எங்கயாவது வேலை பழகியிருந்தால், அந்தப் பழக்கத்தை வைச்சே என்.வி.கியூ எடுக்க முன்கற்றல் அங்கீகாரம் இருக்கு: செய்த வேலையின்ர படங்கள், வேலை குடுத்தவரின்ர கடிதம், பிறகு மதிப்பீட்டாளருக்கு முன்னால செய்து காட்டோணும். அதுக்குப் பிறகு என்.வி.கியூ 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. தையல் அக்கா, தூரம்தான் பிரச்சினையெண்டால் விடுதியுள்ள இடமாய்ப் பாருங்கோ. அறிவியல் நகரில 2016இல திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில விடுதி இருக்கு.

அக்கராயன் தம்பி:
அண்ணை, விடுதியில நிக்கிற மாசம் வீட்டுக்கு ஆர் உழைக்கிறது? நான் வயரிங் படிக்கேக்க அரிவுவெட்டு வந்திட்டுது. சித்தப்பா வகுப்பு வாசலில மோட்டச்சைக்கிளை நூராமல் உறுமவிட்டுக்கொண்டு நிக்கிறார். சேர் ஏசேல்ல. என்ர கையில இருந்த டெஸ்டரை வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டு, "வெட்டு முடிய வா, இது உன்ர" எண்டார். திரும்பிப் போனன், போன வருசம் நாலாம் மட்டம் முடிச்சன். வேற இடமெண்டால் பேரை வெட்டியிருப்பினம். வெட்டுக் காலத்தைப் பார்த்து வகுப்பை வைச்சாலே எங்கட பக்கம் கனபேர் இடையில விடமாட்டினம்.