புதுப்பிப்பு: ஸ்க்யூ உளியும் திருகு வரிகளும்

மரக் கடைசலில் உருளையை ஸ்க்யூ உளியால் (வெட்டுவிளிம்பு சாய்வாக அமைந்த தட்டை உளி) இழைக்கும்போது திருகுபோல வரிகள் விழுவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த பதில்களில் பெரும்பாலானவை உளியின் கூரைத்தான் சந்தேகித்தன. கூர் அவசியமே, ஆனால் நன்றாகத் தீட்டிய பிறகும் வரிகள் மறையவில்லை.

பலன் தந்தது தொடும் முறைதான். உளியின் சாய்தளத்தை, அதாவது விளிம்பை ஒட்டித் தீட்டிய சரிவான முகத்தை, சுழலும் மரத்தின்மேல் வெறுமனே உராயவிட்டுக் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால், ஓரிடத்தில் ஓசை மாறி மெல்லிய சுருள் கிளம்புகிறது. அந்தக் கோணத்தை மாற்றாமல், கையை மட்டுமன்றி உடலையும் சேர்த்து நகர்த்த வேண்டும். வெட்டுவிளிம்பு மரத்தின் அச்சுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க, அதன் நடுப்பகுதிக்கும் கீழ்முனைக்கும் இடைப்பட்ட இடம் மட்டுமே வெட்ட வேண்டும். மேலேயுள்ள நீள்முனை மரத்தில் பட்டால் உளி சட்டென்று கவ்வி, உருளை நெடுகப் பள்ளம் ஓடிவிடும்.

எவரும் குறிப்பிடாத ஒன்றும் இருந்தது. உளி சாயும் தாங்கியின் மேல்விளிம்பில் விரல் நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் சிறு வடுக்கள் இருந்தன. உளி ஒவ்வொன்றிலும் தடுக்கித் தாவியதே வரிகளில் பெரும்பங்குக்குக் காரணம். அரத்தால் தேய்த்து மெழுகு பூசியதும் நகர்வு சீரானது. தாங்கியை மரம் சுழலும் மையக்கோட்டுக்குச் சற்று மேலே வைத்ததும் உதவியது.

விட்டம் மாறும் இடங்களில் பெரியதிலிருந்து சிறியதை நோக்கியே வெட்டுகிறேன். கணுக்களைச் சுற்றி மட்டும் நார் இன்னும் பிய்கிறது; அங்கே இப்போதைக்கு உப்புத்தாள்தான்.