வார்ஃபைட்டர் கேமைத் தொடரலாமா? முடிச்சவங்க சொல்லுங்க

நண்பர்களே, வணக்கம். 2010-ல வந்த மெடல் ஆஃப் ஹானர்ங்கிற துப்பாக்கி கேம் எனக்கு உயிர். 2002 ஆப்கான் மலைகள், சின்னப் படைக்குழு, அவ்வளவுதான் கதை. ரேஞ்சர்கள்னு சொல்ற அமெரிக்கச் சிறப்புப்படை வீரர்கள் நாலு பேர் ஒரு மண் வீட்டுக்குள்ள மாட்டிக்குவாங்க. தோட்டா தீர்ந்துகிட்டே போகும், சுவர் இடிஞ்சு விழும், இனி அவ்வளவுதான்னு நினைக்கும்போது அப்பாச்சி ஹெலிகாப்டர் வரும். அந்தப் பயத்தை வேற எந்தத் துப்பாக்கி கேமும் எனக்குக் கொடுத்ததில்லை.

அதே ஆசையோட 2012-ல வெளியான அடுத்த பாகம் வார்ஃபைட்டரை இப்போ ஆடுறேன். மனசு ஒட்டவே மாட்டேங்குது. கராச்சி, பிலிப்பைன்ஸ், சோமாலியா, துபாய்னு ஊர் ஊராத் தாவுது. யாரை எதுக்குத் துரத்துறோம்னு புரியறதுக்குள்ள மிஷன் முடிஞ்சுடுது. கதாநாயகன் ப்ரீச்சருக்கும் அவர் மனைவிக்கும் நடுவுல விழுற விரிசல் நல்ல கரு, ஆனா அங்கொண்ணும் இங்கொண்ணுமா வந்து போகுது. கதவை உடைச்சு நுழையற காட்சி வேற, திரும்பத் திரும்ப. ஃப்ராஸ்ட்பைட் 2 கேம் இன்ஜின்ல செஞ்ச வெளிச்சமும் சத்தமும் அருமை, கராச்சி கார் துரத்தலும்தான். 2013-லேயே, இதை வெளியிட்ட இஏ கம்பெனி இந்தத் தொடரை நிறுத்தி வெச்சது இன்னமும் வருத்தமா இருக்கு.

பின்பாதியில கதை தேறுமா? முடிவைச் சொல்லிடாம பதில் போடுங்க. தேறாதுன்னா, 2010 பாகம் மாதிரி ஒரே களத்துல, நிதானமா, தனியா ஆடற ராணுவ கேம் ஏதாவது சொல்லுங்க. ஆன்லைன் மேட்ச் வேண்டாம். என் கிராபிக்ஸ் கார்டு 2 ஜிபிதான், அதுல ஓடணும்.